செயின் கட்டத் தெரியுமா?

1977-ல் பிபிசி தொலைக்காட்சி ‘டெஸ்டினேஷன் தோஹா’ என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. இங்கிலாந்தில் சரக்கேற்றிக்கொண்டு புறப்பட்ட லாரிகள், ஐரோப்பாவைக் கடந்து துருக்கியில் நுழைந்து, அரபுப் பாலைவனத்தைத் தாண்டிக் கத்தார் தலைநகருக்கு வந்து சேரும் நெடும்பயணம்தான் படம். லாரிகள் அஸ்ட்ரான் நிறுவனத்துடையவை. பாப் பால், மைக்கேல் உட்மேன் என்ற இருவர் 1964-ல் காபூல் வரை ஒரு லாரியை ஓட்டிப் போய், இப்படியும் வியாபாரம் செய்யலாம் என்று நிரூபித்த பிறகு வளர்ந்த தொழில் அது. வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் கொட்டத் தொடங்கிய காலம். துறைமுகங்களில் கப்பல்கள் இடமில்லாமல் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. லாரி முந்திக்கொண்டது.

குளிர்காலத்தில் அந்தப் பயணத்தின் கடினமான பகுதி துருக்கியின் மலைகளில்தான் இருந்தது. இஸ்தான்புல்லுக்கும் அங்காராவுக்கும் நடுவே போலு மலை, அதற்குத் தெற்கே டாரஸ் மலைத்தொடர். தெஹ்ரானுக்குப் போகும் வண்டியாக இருந்தால் கிழக்கே தாஹிர் கணவாய். பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் செயின் கட்டத் தெரியாதவர் அங்கே ஏற முடியாது. ஏறினாலும் இறங்க முடியாது. பனியில் செயின் கட்டி இறங்கிய அதே ஓட்டுநர் சில நாள் கழித்துச் சவூதி மணலில் சக்கரம் புதைந்து மண்வெட்டியோடு நிற்பார். பனி, மணல் இரண்டையும் ஒரே பயணத்தில் சமாளித்த தலைமுறை அது.

இன்று பயணத்தின் திசை மாறியிருக்கிறது; வளைகுடாவிலிருந்து ஐரோப்பாவை நோக்கி. தோஹாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது ராஸ் லஃபான். 1971-ல் கடலுக்கடியில் ‘நார்த் ஃபீல்டு’ எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டு, 1990-களில் அதற்காகவே ஒரு துறைமுகமும் தொழில் நகரமும் இங்கே எழுந்தன. ஆண்டுக்கு 7.7 கோடி டன் திரவ எரிவாயு தயாரிக்கும் திறனுக்கு வளர்ந்து, அதையும் தாண்டி விரிவாக்கப் பணிகள் தொடங்கிய இடம் இது. குழாய், இரும்பு, கிரேன் பாகங்கள், சிமென்ட், தண்ணீர் என எல்லாவற்றையும் சுமக்கும் ட்ரைலர்களின் ஸ்டியரிங்கில் இந்தியர், நேபாளி, பாகிஸ்தானி, இலங்கையர் எனப் பலர். அவர்களில் தமிழர்களும் உண்டு. அருகிலுள்ள அல் கோர் ஊர்ப் பக்கத்துக் கேம்ப்களில் மாலை நேரப் பேச்சில் இப்போது ஐரோப்பாவும் கனடாவும் அடிக்கடி வருகின்றன. போலந்து, லிதுவேனியா, ருமேனியா போன்ற நாடுகளின் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் ஆசிய ஓட்டுநர்களைத் தேடுகின்றன. வளைகுடாவில் ஹெவி லைசென்ஸ், ட்ரைலர் அனுபவம் என்றால் ஏஜென்டுகள் உடனே விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்த அனுபவம் உண்மையானது. ஆனால் அதில் பனி இல்லை. ராஸ் லஃபானில் ஜனவரி இரவிலும் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கிருந்து போய் முதல் குளிர்காலத்திலேயே ஆஸ்திரிய மலைப்பாதையில் 40 டன் வண்டியோடு நிற்கப்போகிறவர், செயினை முதன்முதலாகக் கையில் எடுக்கும் இடம் அந்த மலைப்பாதையாக இருக்கக் கூடாது. அந்தப் பயிற்சியை இங்கேயே, வண்டி நிறுத்தும் யார்டிலேயே கொடுக்க முடியும்.

மணல் கற்றுத் தந்தது

ராஸ் லஃபான் ஓட்டுநருக்குத் தரையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. கத்தார் கடற்கரை நெடுக சப்கா எனப்படும் உப்புச் சதுப்பு நிலம் உண்டு. மேலே காய்ந்த ஓடு, கீழே ஈரச் சேறு. பார்வைக்குக் கெட்டித் தரை மாதிரி இருக்கும். பாரம் ஏறியதும் சக்கரத்தை ஆக்ஸில் ஹவுசிங் வரை வாங்கிக்கொள்ளும். எந்த இடத்தில் இறங்கலாம், எந்த இடத்தில் ரோட்டை விட்டு ஒரு சக்கரம்கூட விலகக் கூடாது என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லும் மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மணலில் அவர்களுடைய முதல் வைத்தியம் டயரில் காற்றை இறக்குவது. ரோட்டில் 35 பிஎஸ்ஐ வைத்து ஓடும் பிக்கப் வண்டி மணலில் இறங்கும்போது 15 முதல் 18 வரை குறைக்கப்படும். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு நீளும், பாரம் பரவும், சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன்மேல் மிதந்து போகும். வளைகுடா ஓட்டுநரின் கைக்கு இது பழகிப்போன பாடம்.

பனிமலையில் முதலில் மறக்க வேண்டிய பாடமும் இதுதான். செயின் டயரைச் சுற்றி இறுக்கமாக உட்கார வேண்டும். மாட்டுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று காற்றை இறக்கினால், குறைந்த காற்றில் பாரத்தோடு உருளும் டயரின் பக்கச் சுவர் பிதுங்கி, செயினோடு உரசிக் கிழியும். அதனால் செயின் மாட்டக் காற்றை இறக்காதீர்கள் என்றே தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். மறுபக்கம், செயினைக் கொண்டுவந்து காய்ந்த மணலில் கட்டினால் அது மண்வெட்டி போல மணலை வாரிப் போட்டு வண்டியை இன்னும் ஆழத்தில் இறக்கிவிடும். மணலில் மிதக்க வேண்டும். பனியில் கடித்துப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கை, ஒரே டயர், நேர் எதிரான வேலை.

நூறு மீட்டர் கணக்கு

காய்ந்த தார் ரோட்டில் டயரின் உராய்வுக் கெழு 0.7 அளவில் இருக்கும். வண்டிகள் ஓடி இறுகிய பனியில் அது 0.2-க்கு இறங்கும். வழவழப்பான பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி, பிரேக் பிடித்த நொடியிலிருந்து காய்ந்த ரோட்டில் சுமார் 14 மீட்டரில் நிற்குமானால், இறுகிய பனியில் 50 மீட்டர் எடுத்துக்கொள்ளும்; பனிக்கட்டியில் 100 மீட்டர். ஓட்டுநரின் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. கடுங்குளிரைவிடப் பூஜ்ய டிகிரியை ஒட்டிய நிலைதான் கூடுதல் ஆபத்து. பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போதுதான் அது மிகவும் வழுக்கும்.

இந்த வழுக்கலை இரும்பால் வெல்லலாம் என்று காப்புரிமை பெற்றவர் ஹாரி வீட். நியூயார்க் மாநிலத்தின் கானஸ்டோட்டா ஊர்க்காரர். 1904-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் காலத்து ஓட்டுநர்கள் சேற்றிலும் பனியிலும் டயரைச் சுற்றிக் கயிறு கட்டி ஓட்டுவார்கள். கயிறு சீக்கிரம் தேய்ந்து அறுந்துவிடும். வீட் அந்த இடத்தில் சங்கிலியை வைத்தார். டயரின் இருபுறமும் இரண்டு வளையச் சங்கிலிகள், அவற்றை இணைத்து டயரின் முகத்தில் குறுக்காக ஓடும் சிறு சங்கிலிகள். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் லாரிச் செயினின் அடிப்படை அமைப்பு அதுவேதான். லாரியின் பின்புறம் ஜோடி டயர்கள் இருப்பதால், இரண்டையும் சேர்த்து மூடும் மூன்று வரிச் செயினும் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் 30 கிலோவுக்கு மேல் கனக்கும்.

கட்டும் விதம்

இடம் பார்ப்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. சக்கரம் வழுக்கத் தொடங்கிய பிறகு செயினைத் தேடுவது தாமதம். மேடு ஆரம்பிப்பதற்கு முன்பே, சமதளத்தில், செயின் மாட்டுவதற்கென்று ஒதுக்கிய இடம் இருந்தால் அங்கே நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக், எச்சரிக்கை விளக்குகள், டயருக்குக் கட்டை, ஒளிரும் சட்டை. கடைசியாகச் சொன்னது ராஸ் லஃபானில் எவருக்கும் புதிதல்ல. சட்டையில்லாமல் இங்கே வேலை இடத்துக்குள் கால் வைக்கவே முடியாது. மலையில் அதன் தேவை இன்னும் கூடுதல். ஓட்டுநர் குனிந்து வேலை செய்யும் அதே ரோட்டில் பின்னால் வரும் வண்டிகளும் வழுக்கிக்கொண்டுதான் வருகின்றன.

பிறகு செயினைத் தரையில் விரித்து, முறுக்கில்லாமல் நீவ வேண்டும். குறுக்குச் சங்கிலிகளை இணைக்கும் கொக்கிகளின் வாய் டயரைப் பார்த்து இருக்கக் கூடாது. வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மாறிப்போனால் கொக்கி முனையே டயரைக் குத்திக் கிழிக்கும். டயரின்மேல் செயினைப் போர்த்தி, இரு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்து, வண்டியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் இரண்டு முனைகளும் கைக்கு எட்டும் இடத்துக்கு வரும். முதலில் உள்பக்கக் கொக்கி, அதன்பின் வெளிப்பக்கம். உள்பக்கம்தான் சிரமம், இரண்டு டயர்களுக்குப் பின்னால், இருட்டில், கண்ணால் பார்க்க முடியாமல் விரல்களால் தடவி மாட்ட வேண்டிய இடம். அடுத்து கேம் எனப்படும் பூட்டுகளை அதற்கான சாவியால் திருப்பி இறுக்க வேண்டும். சில செயின்களில் அதற்கும் மேலே ரப்பர் இழுவைப் பட்டையும் உண்டு.

அத்தோடு முடிந்தது என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சிறிது தூரம் மெதுவாக ஓட்டியதும் செயின் டயரில் உட்கார்ந்து தளரும். மறுபடி இறங்கி இறுக்கியே ஆக வேண்டும். தளர்ந்த செயின் ஒவ்வொரு சுற்றிலும் மட்கார்டை அடிக்கும், பிரேக்குக்குப் போகும் ஏர் ஹோஸை அறுக்கும். ஏர் போனால் அந்த இறக்கத்தில் என்ன மிஞ்சும் என்பது ட்ரைலர் ஓட்டுகிறவருக்குத் தெரியும். வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பல செயின்களுக்கு அதைவிடக் குறைவு. தார் ரோடு தெரிய ஆரம்பித்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் செயின், டயர், ரோடு மூன்றும் கெடும்.

ஓட்டும் முறையிலும் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் பிரேக் சூடேறாமல் இருக்க, வேகத்தைக் குறைக்கும் துணைப் பிரேக்குகளான ரிட்டார்டரையோ எக்ஸாஸ்ட் பிரேக்கையோ போடுவது நல்ல ஓட்டுநரின் வழக்கம். பனிக்கட்டியில் அதுவே வண்டியை மடித்துவிடும். இந்தப் பிரேக் இழுவைச் சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. அவை வழுக்க, பின்னாலிருந்து ட்ரைலர் தள்ள, முன்வண்டி திரும்பிக்கொள்ளும். ட்ரைலர் சக்கரத்துக்கும் செயின் வேண்டும் என்று சில பாதைகளில் கேட்பதன் காரணம் இதுதான்.

குளிர் டயரோடு நிற்பதில்லை. சாதாரண டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் உறைந்து ஃபில்டரை அடைக்கும். ஏர் டேங்கில் தேங்கிய ஈரம் பனிக்கட்டியாகிப் பிரேக் வால்வை முடக்கும். டயரின் ரப்பரும் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. அதனால் குளிருக்கென்று தனிக் கலவையில் டயர் செய்கிறார்கள். மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் பக்கச் சுவரில் பொறித்திருந்தால் அது பனிக்காலச் சோதனையில் தேறிய டயர். 45 டிகிரி வெயிலில் டயர் வெடிக்காமல் காப்பதையே நினைத்துப் பழகியவர் அந்தக் குறியைத் தேடிப் பார்க்கப் பழக வேண்டும்.

தெற்கிலிருந்து போனவர்கள்

வெயில் ஊர்க்காரருக்குப் பனி கைவருமா என்ற கேள்விக்கு 1948-லேயே பதில் கிடைத்துவிட்டது. லடாக்கின் வாசலான ஜோஜி லா கணவாய் அப்போது நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் எதிரிகள் வசம் இருந்தது. 11,500 அடிக்கு மேல் உயரம். ஒரு கோவேறு கழுதைப் பாதையை டாங்கி ஏறும் அளவுக்கு அகலமாக்கித் தந்தவர்கள், மேஜர் தங்கராஜு தலைமையில் வேலை செய்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர். அவர்கள் வெட்டிய வழியில்தான் 1948 நவம்பர் 1 அன்று 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறிக் கணவாயை மீட்டன. அவ்வளவு உயரத்தில் அதற்கு முன் டாங்கிகள் சண்டையிட்டதில்லை.

அந்தக் கணவாய் இன்றும் பனிக்காலத்தில் மூடப்படுகிறது. முன்பு பல மாதங்கள் மூடிக் கிடந்ததை எல்லைச் சாலைகள் அமைப்பு 2023-ல் 68 நாளாகவும், 2024-ல் 35 நாளாகவும், 2025-ல் 32 நாளாகவும் குறைத்தது. ஸ்ரீநகரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் முடிகிறது; நடுவில் நாமக்கல்லைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிகள் நாடு முழுதும் ஓடுகின்றன. காஷ்மீருக்கு லோடு பிடித்துப் போகும் நம் ஓட்டுநர்கள் செயின் வித்தையை ஏதாவது ஒரு பஞ்சாபி அல்லது காஷ்மீரி ஓட்டுநரிடம் வழியில் பார்த்துக் கற்கிறார்கள். பார்த்துக் கற்பது நல்லதுதான். ஆனால் அது அதிர்ஷ்டத்தை நம்பிய கல்வி.

சட்டம் என்ன சொல்கிறது

ஐரோப்பாவில் செயின் ஓட்டுநரின் விருப்பத்துக்கு விடப்பட்ட பொருளாக இல்லை. ஆஸ்திரியாவில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, குறைந்தது இரண்டு இழுவைச் சக்கரங்களுக்குச் செயின் வைத்திருக்க வேண்டும். ரோட்டில் பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியில் செயின் இருந்தாக வேண்டும். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இடையில் ஓடும் லாரிகள் 1,370 மீட்டர் உயர பிரென்னர் கணவாயைக் கடப்பதும் இந்த நாட்டின் வழியாகத்தான். அமெரிக்காவின் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை கனரக வணிக வண்டிகள் செயினை உடன் வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதைகளுக்கான காலம் அக்டோபர் 1-லேயே தொடங்கிவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு லாரி ஓட்ட லைசென்ஸ் மட்டும் போதாது. தொழில்முறைத் தகுதிப் பயிற்சி 280 மணி நேரம், துரிதப் பாடமென்றால் 140 மணி நேரம். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரம். வெளிநாட்டிலிருந்து வந்து அங்குள்ள நிறுவனத்தில் சேர்பவருக்கும் இது பொருந்தும். பாடத்திட்டம் பெரிது, பனியில் நின்று செயின் கட்டிப் பழக அதில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது பயிற்சி மையத்தையும் பருவத்தையும் பொறுத்தது. ஜூலையில் பயிற்சி முடித்தவர் டிசம்பரில் மலையேறுவார்.

பயிற்சிக் குறைவின் விலையைக் கனடா 2018 ஏப்ரலில் பார்த்தது. சஸ்காட்செவன் மாகாணத்தில் ஹம்போல்ட் ஊரின் இளம் ஐஸ் ஹாக்கி அணி சென்ற பேருந்து, நிறுத்தக் குறியில் நிற்காமல் வந்த லாரியோடு மோதி 16 பேர் இறந்தார்கள். லாரியை ஓட்டியவர் இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய இளைஞர். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த விபத்துக்குப் பனி காரணமில்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு அங்கே மேலும் பல மாகாணங்களில் கட்டாயப் பயிற்சி வந்தது. சஸ்காட்செவனில் 121.5 மணி நேரம். 2021 அக்டோபரிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் 140 மணி நேரம். ஓட்டுநர் பற்றாக்குறையைக் காட்டி ஆளை அவசரமாக வண்டியில் ஏற்றுகிற எந்த நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

யார்டில் ஒரு வெள்ளிக்கிழமை

செயின் கட்டக் கற்க பனி தேவையில்லை. மேலே சொன்ன வேலைகளில் விரிப்பது, கொக்கி பார்ப்பது, போர்த்துவது, உள்பக்கம் தடவி மாட்டுவது, இறுக்குவது எல்லாம் காய்ந்த தரையில் செய்து பழகக்கூடியவை. பனி நாடுகளின் பயிற்சியாளர்களும் முதலில் காய்ந்த இடத்தில் பழகச் சொல்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில், ராஸ் லஃபானில் நிற்கும் ஒரு ட்ரைலரின் ஜோடி டயருக்கு ஒரு செட் செயினை முதலில் வெறுங்கையாலும், அடுத்து தடித்த கையுறையோடும், கடைசியில் இருட்டிய பிறகும் கட்டிப் பார்த்தால் மலைப்பாதையில் விரல்கள் தடுமாறாது. பாதுகாப்பு வகுப்பு நடத்துவதில் எரிவாயுத் தொழிலுக்கு நல்ல பழக்கம் உண்டு. தற்காப்பு ஓட்டுதல் பயிற்சியும் வண்டியின் வேகத்தைக் கண்காணிக்கும் கருவியும் இங்கே சாதாரணம். தங்கள் ஆள் வேறு நாட்டுக்குப் போவதற்கு ஒப்பந்தக்காரர் எதற்காகச் செலவு செய்ய வேண்டும் என்று கேட்கலாம். அவர் செலவு செய்ய வேண்டாம். செயினைத் தமிழ்ச் சங்கங்களே வாங்கி வைக்கலாம். ஒரு செட் போதும், பல பேர் பழகலாம்.

ஊரில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இயங்குகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி மையம் நடத்துகிறது. வெளிநாட்டுக்கு லாரி ஓட்டப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு இடங்களிலும் ஒரு நாள் பனிப் பயிற்சியைச் சேர்ப்பது பெரிய செலவில்லை. கொக்கியின் திசை, காற்று இறக்கக் கூடாது என்ற விதி, ரிட்டார்டர் எச்சரிக்கை, மறு இறுக்கம் ஆகிய நான்கையும் தமிழில் படத்தோடு அச்சிட்டுக் கையில் கொடுத்தால் ஸ்டியரிங் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள்.

ஐரோப்பாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வேலைக் கடிதம் வந்திருக்கும் ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். சம்பளம், தங்குமிடம், லைசென்ஸ் மாற்றம் எல்லாம் கேட்டு முடித்தபின் இன்னும் மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்: எந்த மாதத்தில் எந்த மலைப்பாதைக்கு வண்டி போகும், டயருக்கு ஏற்ற செயினை யார் தருவார்கள், அதைக் கட்டக் கற்றுத்தரும் நாள் எது. பதில் வராவிட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொருமுறை கேளுங்கள்.